ரெக்ஸம் கால்பந்துக் கழகம் யாருடையது?

ஒரு விளையாட்டுக் கழகம் யாருக்குச் சொந்தம்? பத்திரத்தில் பெயர் பதிந்திருப்பவருக்கா, களத்தில் இறங்கிப் பந்தை உதைப்பவருக்கா, வாரந்தோறும் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி மழையிலும் பனியிலும் நின்று பார்ப்பவருக்கா? வழக்கறிஞரைக் கேட்டால் விடை ஒரே சொல்லில் கிடைத்துவிடும். கல்கத்தாவில் வாழும் நம் நேயர்களைக் கேட்டால் அவ்வளவு எளிதில் கிடைக்காது. மோகன் பகான் தோற்ற நாளில் அண்டை வீட்டாரின் முகம் வாடுவதை அவர்கள் கண்டிருப்பார்கள். பத்திரத்தில் பெயரில்லாத அந்த மனிதருக்கும் கழகத்தில் ஏதோ ஓர் உரிமை உண்டு என்று அவர்கள் சொல்லக்கூடும்.

இந்த வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் ஊர் ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டின் வடகிழக்கு மூலையில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டியிருக்கும் ரெக்ஸம் என்பதே அது. அவ்வூர்க் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் நாட்டைப் பற்றிச் சில சொற்கள். பிரிட்டிஷ் தீவின் மேற்குப் புறத்தே மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த சிறு நாடு வேல்ஸ். அதற்கெனத் தனி மொழியும் உண்டு. சொற்களைப் பெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்நாட்டின் பெயரே வியப்பைத் தந்தது. 'வேல்ஸ்' என்பது ஆங்கிலேயரின் முன்னோர் இட்ட பெயர். அதன் வேர்ச்சொல்லுக்கு 'அயலார்' என்பது பொருள். அந்நாட்டு மக்களோ தம் நாட்டைக் 'கம்ரி' என்பர். உடன்நாட்டார் என்னும் பொருளைத் தருகிற வேரிலிருந்து பிறந்த பெயர் அது. தன் மண்ணிலேயே அயலார் என்று அழைக்கப்பட்ட மக்களுக்குத் தமக்கென்று ஒன்றை வைத்திருப்பதில் தனிப் பற்று இருந்ததில் வியப்பில்லை அன்றோ?

தலைநகரான கார்டிஃப் தென்கோடியில் இருக்கிறது. ரெக்ஸமுக்கு அண்மையில் இருப்பவையோ ஆங்கில நகரங்களாகிய லிவர்ப்பூலும் மான்செஸ்டரும். ஆகவேதான் வேல்ஸ் நாட்டுக் கழகமாயினும் ரெக்ஸம் ஆங்கில லீக் பந்தயங்களில் ஆடி வருகிறது.

கழகம் தோன்றியது 1864-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில். அவ்வூர்க் கிரிக்கெட் கழகத்தார் கோடையில் கிரிக்கெட் ஆடி மகிழ்ந்தனர். குளிர்காலத்தில் என்ன செய்வது என்று எண்ணிக் கால்பந்தை மேற்கொண்டனர். மைதானத்தின் அருகில் உள்ள டர்ஃப் என்னும் விடுதியில் அவர்கள் கூடிக் கழகத்தைத் தொடங்கியதாகக் கூறுவர். தீயணைக்கும் படையினர் குழு ஒன்றோடு முதல் ஆட்டம் நிகழ்ந்தது. கழகம் 1870-களில் தோன்றியது என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பழைய செய்தித்தாள்களை ஆராய்ந்த பின்னரே 1864 என்னும் ஆண்டு நிலைபெற்றது. வேல்ஸ் நாட்டில் இதனினும் பழைய கால்பந்துக் கழகம் இல்லை. உலகெங்கும் தேடினாலும் இதற்கு மூத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

அவர்கள் ஆடிய இடம் 'ரேஸ்கோர்ஸ்' எனப்படும் மைதானம். பெயருக்கேற்ப அங்கு முன்பு குதிரைப் பந்தயங்கள் நடைபெற்றன. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரெக்ஸம் நகரத்து விடுதி ஒன்றில்தான் வேல்ஸ் கால்பந்துச் சம்மேளனம் அமைக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் வேல்ஸ் அணி தன் சொந்த மண்ணில் முதன்முறையாக ஒரு நாட்டு அணியை எதிர்கொண்டது. எதிர்த்து வந்தது ஸ்காட்லாந்து. களம் இதே ரேஸ்கோர்ஸ் மைதானம். வேல்ஸ் இரண்டு கோல்களில் தோற்றது. ஆயினும் நாடுகளிடை ஆட்டங்கள் இன்றும் நடைபெறும் மைதானங்களுள் மிகப் பழையது என்னும் பெருமை அம்மைதானத்துக்கு வாய்த்தது. 1878-ஆம் ஆண்டில் வேல்ஸ் கோப்பைக்கான முதல் இறுதி ஆட்டத்தில் டிரூயிட்ஸ் அணியை ஒரு கோலில் வென்ற ரெக்ஸம், பின்னர் அக்கோப்பையை மொத்தம் 23 முறை பெற்றது. அத்தனை முறை அதனை வென்ற கழகம் வேறில்லை.

மைதானத்தால் வந்த முதல் தொல்லையும் அக்காலத்தில் நேர்ந்ததே. 1881-ஆம் ஆண்டில் வாடகை உயர்த்தப்பட்டதால் கழகத்தார் இரண்டு பருவங்கள் வேறிடத்தில் ஆட நேர்ந்தது. பின்பு திரும்பி வந்தனர். குடியிருப்பவர் ஒருவர், இடத்துக்கு உரியவர் வேறொருவர் என்னும் நிலை எத்தகைய இடர்களைத் தரும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருக்கலாம். பெரிய இடர் வருவதற்கோ மேலும் நூற்றிருபது ஆண்டுகள் இருந்தன.

ரெக்ஸத்தைச் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. பிரிம்போ என்னும் இடத்தில் எஃகு ஆலை இருந்தது. வாரம் முழுவதும் நிலத்தின் கீழே இருளில் உழைத்த மனிதர், சனிக்கிழமைப் பிற்பகலில் வெளிச்சத்தில் நின்று ஆட்டம் பார்த்தனர். அந்தச் சில மணி நேரம் அவர்களுக்கு எத்துணை அருமையானது என்பதைக் காட்டும் துயர நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லாமல் அப்பால் செல்ல இயலாது.

1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் சனிக்கிழமை. அன்று பிற்பகல் டிரான்மியர் ரோவர்ஸ் அணியோடு ரெக்ஸம் ஆடுவதாக இருந்தது. ஊருக்கு வடக்கேயுள்ள கிரெஸ்ஃபர்டு சுரங்கத்தில் வேலை செய்தோர் பலர், ஆட்டத்தைத் தவறவிட மனமின்றித் தம் வேலை முறையை மாற்றிக்கொண்டு வெள்ளி இரவே சுரங்கத்தில் இறங்கினர். விடியற்காலை இரண்டு மணி கடந்து எட்டு நிமிடத்தில், நிலமட்டத்துக்கு 2,000 அடிக்கும் கீழே, டென்னிஸ் என்னும் பகுதியில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. அப்பகுதியிலிருந்து உயிரோடு வெளிவந்தோர் அறுவரே. மீட்கச் சென்றோரில் மூவரும், சில நாட்களுக்குப் பின் நேர்ந்த மற்றொரு வெடிப்பில் மேற்பரப்பில் நின்ற ஒருவரும் சேர்த்து இறந்தோர் 266 பேர். தீ அடங்காமையால் சுரங்கத்தின் வாய் அடைக்கப்பட்டது. இறந்தவர்களில் 250-க்கும் மேற்பட்டோரின் உடல்கள் இன்றளவும் அங்கேயே இருக்கின்றன. அன்று பிற்பகல் ஆட்டம் காண வேண்டியவர்களின் இடங்கள் அதன்பின் என்றும் நிரம்பவில்லை என்று சொன்னால் அது வெறும் அணியுரை ஆகாது.

விபத்தை ஆராய அரசாங்கம் விசாரணை நடத்தியது. தொழிலாளர் சங்கத்தின் சார்பில் ஊதியம் பெறாமல் வாதாடியவர் ஸர் ஸ்டாஃபர்டு கிரிப்ஸ். 1942-ஆம் ஆண்டில் யுத்த மந்திரிசபையின் தூதராக நம் நாட்டுக்கு வந்து, காந்தியடிகளையும் நேருவையும் சந்தித்துப் பேசிய அதே கிரிப்ஸ்தான். காற்றோட்டம் போதாமையையும், அளவுக் கணக்குகள் ஒழுங்காக வைக்கப்படாமையையும் அவர் குறுக்கு விசாரணையில் வெளிப்படுத்தினார். முடிவில் பதிவேடுகளைச் சரிவர வைக்கத் தவறியதற்காக நிர்வாகத்துக்கு விதிக்கப்பட்ட அபராதம் 140 இங்கிலாந்துப் பவுனே. இறந்த உயிர் ஒன்றுக்கு எவ்வளவு என்று நேயர்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். தம்முடைய உயிரும் உழைப்பும் பிறரது கணக்கேட்டில் எவ்வளவு சிறிதாக எழுதப்படும் என்பதை அவ்வூர் மக்கள் அன்று கண்டனர். இச்செய்தியை நினைவில் கொண்டால்தான் பின்னர் அவர்கள் தம் கழகத்துக்காக ஏன் அவ்வாறு போராடினர் என்பது விளங்கும்.

இனிக் களத்துக்குத் திரும்புவோம். 1921-ஆம் ஆண்டில் ரெக்ஸம் ஆங்கில லீக்கின் மூன்றாம் பிரிவில் இடம் பெற்றது. ஆங்கில லீக் என்பது ஓர் ஏணி போன்றது. நன்றாக ஆடும் அணி மேற்படிக்கு ஏறும். தோற்கும் அணி கீழ்ப்படிக்கு இறங்கும். ரெக்ஸம் பெரும்பாலும் கீழ்ப்படிகளிலேயே காலம் கழித்தது. 1978-ஆம் ஆண்டில்தான் இரண்டாம் பிரிவுக்கு ஏறி, அங்கே நான்கு பருவங்கள் நிலைத்தது.

ஆயினும் வேல்ஸ் கோப்பையை வென்ற அணி என்னும் தகுதியால் ஐரோப்பியப் பந்தயங்களில் ஆடும் வாய்ப்பு அதற்கு அவ்வப்போது கிட்டியது. 1976-ஆம் ஆண்டில் கோப்பை வென்றோர் கோப்பைப் பந்தயத்தில் காலிறுதி வரை முன்னேறியது. 1984-ஆம் ஆண்டில் நான்காம் பிரிவில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, முந்திய பருவத்தில் அதே பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை சென்ற போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ அணியை எதிர்கொண்டது. சொந்த ஊரில் ஒரு கோலில் வென்றது. போர்ட்டோவில் 4-3 என்று தோற்றது. மொத்தக் கோல்கள் சமமாயினும், அயலூரில் போட்ட கோல்களுக்கு மதிப்பு மிகுதி என்னும் அக்கால விதியால் ரெக்ஸமே வென்றதாயிற்று.

1992-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாளையும் அவ்வூரார் மறப்பதில்லை. 1990-91 பருவ முடிவில் லீக்கின் 92 அணிகளில் முதலிடம் பெற்றது லண்டன் மாநகரின் ஆர்ஸனல். கடைசி இடம் பெற்றது ரெக்ஸம். எஃப்.ஏ. கோப்பைப் பந்தயத்தில் அவ்விரண்டும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எதிரெதிரே நின்றன. ஆர்ஸனல் முதலில் ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, 37 வயதான மிக்கி தாமஸ் தனி உதை ஒன்றை வலைக்குள் செலுத்தினார். அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் ஸ்டீவ் வாட்கின் மற்றொரு கோல் போட்டார். கடைசி அணி முதல் அணியை வென்றது.

அதற்குள் ஊரின் பொருளாதாரம் மாறிவிட்டது. 1973-ஆம் ஆண்டில் கிரெஸ்ஃபர்டு சுரங்கமும், 1986-ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்தின் கடைசிச் சுரங்கமாகிய பெர்ஷமும், 1990-ஆம் ஆண்டில் பிரிம்போ எஃகு ஆலையும் மூடப்பட்டன. தந்தையும் பாட்டனும் வேலை செய்த இடங்கள் மறைந்தன. அவர்கள் நின்று ஆட்டம் பார்த்த இடம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கும் அடுத்து ஆபத்து வந்தது.

கழகத்தின் பெரும்பங்குகள் வணிகர் சிலரின் கைக்கு மாறின. 2002-ஆம் ஆண்டில் மைதானம் கழகத்தினின்று பிரிக்கப்பட்டு அவர்களுடைய வேறொரு கம்பெனியின் பெயருக்குச் சென்றது. கழகத்தைவிடக் கழகம் நின்ற நிலத்துக்கு விலை மிகுதி. அந்நிலத்தில் கட்டடங்கள் எழுப்பினால் ஆதாயம் உண்டு. 2004-ஆம் ஆண்டில் ஓராண்டுக்குள் காலி செய்யும்படி கழகத்துக்கே அறிவிப்பு வந்தது. நூற்று நாற்பது ஆண்டுகளாக ஊரார் நடந்து தேய்த்த படிகளை விட்டு வெளியேறும்படி ஒரு காகிதம் சொன்னது. ஊரார் தெருவில் இறங்கி எதிர்த்தனர். அவ்வாண்டு டிசம்பரில் கடன் சுமையால் கழகம் நீதிமன்ற நிர்வாகியின் பொறுப்பில் விடப்பட்டது. அதற்குத் தண்டனையாக லீக் பத்துப் புள்ளிகளைக் குறைத்தது. அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ஆயினும் மைதானம் கைமாறிய முறை செல்லாது என்று 2005-ஆம் ஆண்டில் வழக்கு மன்றம் தீர்ப்பளித்தது. இடம் தப்பியது.

களத்தில் சரிவு நிற்கவில்லை. 2008-ஆம் ஆண்டில் ரெக்ஸம் லீக்கின் கடைசிப் படியிலிருந்தும் வழுக்கி விழுந்தது. 87 ஆண்டு உறவு அறுந்தது. 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிலைமை முற்றியது. கழகம் பருவம் முழுவதும் ஆடி முடிக்கும் என்பதற்கு ஈடாக 2,50,000 பவுன் கட்டினாலன்றி ஆட இடமில்லை என்று பந்தயத்தை நடத்துவோர் கூறினர். அவ்வளவு தொகை கழகத்திடம் இல்லை. செய்தி பரவியதும் ஊரார் கையில் பணத்தோடு மைதானத்துக்கு வந்தனர். ஒரே நாளில் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் செல்வர்கள் அல்லர். சுரங்கமும் ஆலையும் மூடிய ஊரின் மக்கள். கழகம் பிழைத்தது. மைதானத்தை அவ்வூர்ப் பல்கலைக்கழகம் வாங்கிக் காத்தது. டிசம்பர் மாதத்தில் ரசிகர்களின் கூட்டுறவு அமைப்பு கழகத்தை ஏற்றுக்கொண்டது. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது அதன் விதி. சிறு சந்தா கட்டிய எவரும், தச்சராயினும் ஆசிரியராயினும், கழகத்தின் உடைமையாளரே.

அவ்வாறு அவர்கள் ஆண்ட ஒன்பதாண்டுகள் நம் சிந்தனைக்குரியவை. பழைய கடன்களைத் தீர்த்தனர். 2012-ஆம் ஆண்டில் 98 புள்ளிகள் பெற்றும் இரண்டாம் இடமே கிட்டியது, மேலேற முடியவில்லை. 2013-ஆம் ஆண்டில் லண்டன் வெம்பிளி மைதானத்துக்கு இரு முறை சென்றனர். முதன்முறை எஃப்.ஏ. டிரோஃபி என்னும் கோப்பையை வென்று திரும்பினர். மறுமுறை லீக்குக்கு மீளும் இறுதி ஆட்டத்தில் மற்றொரு வேல்ஸ் கழகமான நியூபோர்ட்டிடம் தோற்றுத் திரும்பினர். நேர்மையான நிர்வாகம் கழகத்தை உயிரோடு வைத்தது; மேலே தூக்க அதனால் இயலவில்லை. பணமின்றிப் படி ஏற முடியாத காலம் வந்துவிட்டிருந்தது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றால் மைதானங்களின் கதவுகள் அடைபட்டபோது சீட்டு விற்பனையில் வந்த பணமும் நின்றது.

அவ்வேளையில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. கானடாவில் பிறந்த ரயன் ரெனால்ட்ஸ், அமெரிக்கரான ராப் மெக்எல்ஹென்னி என்னும் நடிகர் இருவர் கழகத்தை ஏற்க விரும்பினர். இருபது லட்சம் பவுன் முதலிடுவதாகக் கூறினர். கழகத்தின் ஊரையோ பெயரையோ அடையாளத்தையோ மாற்றுவதில்லை என்றும் உறுதி கூறினர். இருவருக்கும் அவ்வூரோடு முன் தொடர்பு இல்லை. ஊரார் என்ன செய்வது? முன்பு வெளியார் கையில் கழகத்தைக் கொடுத்து அடைந்த துன்பம் மறக்கத்தக்கதன்று. தம் கையிலேயே வைத்திருந்தால் தளர்ந்து போகலாம். கொடுத்தால் ஒருவேளை உயரலாம், ஒருவேளை இழக்கலாம். இத்தகைய முடிவைச் சொத்து வைத்திருக்கும் குடும்பம் எதுவும் எளிதில் எடுத்துவிடாது.

அவர்கள் வாக்கெடுத்தனர். 2020-ஆம் ஆண்டு நவம்பரில் 1,809 பேர் ஆதரித்தும் 26 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். மறு ஆண்டு பிப்ரவரியில் கழகம் கைமாறியது. 2022-ஆம் ஆண்டில் மைதானமும் மீண்டும் கழகத்தின் உடைமையாயிற்று. அவ்வாண்டிலேயே ரெக்ஸம் ஊருக்குச் 'சிட்டி' என்னும் தகுதியும் வழங்கப்பட்டது. கழகத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று அவ்வூரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்றது.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில், உலகின் மிகப் பழைய கழகங்களுள் ஒன்றான நாட்ஸ் கவுண்டியோடு முதலிடத்துக்காக மோதினர். 3-2 என்று முன்னணியில் இருந்தபோது, ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது. ஓய்வு பெற்றபின் மீண்டும் களத்துக்கு வந்த, நாற்பது வயது நிரம்பிய கோல்காப்பாளர் பென் ஃபாஸ்டர் அதனைத் தடுத்தார். அப்பருவத்தில் அப்பிரிவில் எவரும் பெற்றிராத 111 புள்ளிகளோடு, பதினைந்து ஆண்டு வனவாசம் முடிந்து ரெக்ஸம் லீக்குக்குத் திரும்பியது. 2024-இல் ஒரு படியும் 2025-இல் மற்றொரு படியும் ஏறியது. ஆங்கிலக் கால்பந்தின் மேல் ஐந்து அடுக்குகளில், அடுத்தடுத்து மூன்று பருவங்களில் மூன்று முறை ஏறிய கழகம் அதற்கு முன் இல்லை. 1982-க்குப் பின் முதன்முறையாக இரண்டாம் அடுக்கில் ஆடும் தகுதி பெற்றது.

இவ்வெற்றி பணத்தால் வந்தது என்பார் உண்டு. அதனை மறுப்பதற்கில்லை. பணம் இல்லையேல் நல்ல ஆட்டக்காரர் வந்திருக்கமாட்டார். ஆனால், 2011-ஆம் ஆண்டில் அந்த ஒரு நாள் ஊரார் வராமல் இருந்திருந்தால், பின்னர் எவரும் வாங்குவதற்கு அங்கே கழகம் என்று ஒன்று இருந்திருக்குமா? பணம் ஏணியை ஏறச் செய்தது. ஏணி விழாமல் தாங்கி நின்றவர்கள் வேறு.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது வருவோம். இந்தக் கழகம் நம் காலத்தில் இரு முறை வெளியார் கைக்கு மாறியது. முதன்முறை மைதானம் காகிதங்களின் இடையே, ஊரார் அறியாமல் நழுவியது. மறுமுறை ஊராரைக் கூட்டி, செய்தியைச் சொல்லி, அவர்தம் வாக்கைப் பெற்று மாறியது. இரண்டுக்கும் இடையே உள்ள வேற்றுமை வாங்கியவரின் செல்வத்திலோ நற்குணத்திலோ மட்டும் இல்லை. பின்னதில் கேட்கவேண்டியவர்களைக் கேட்டார்கள். பத்திரத்தில் எவர் பெயர் இருப்பினும், கேட்காமல் எடுக்க முடியாத ஒன்று எவரிடம் இருக்கிறதோ, அவரே உண்மையில் உடையவர் என்று நமக்குத் தோன்றுகிறது. இன்றைய உடைமையாளர் நாளை மாறலாம். அணியும் ஏறலாம், இறங்கலாம். அன்றும் ஊராரைக் கேட்பார்களா என்பதே அவ்வூரின் முன் எஞ்சி நிற்கும் வினா.

கிரெஸ்ஃபர்டில், சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கிய பெரிய சக்கரம் ஒன்றை 1982-ஆம் ஆண்டில் நினைவுச் சின்னமாக நிறுவினர். ஆட்டம் பார்ப்பதற்காக இரவு வேலைக்கு இறங்கி மேலே வராதவர்களும் அச்சின்னத்துக்கு உரியவர்களே. அவர்கள் பெயர் எந்தப் பங்குப் பத்திரத்திலும் இருந்ததில்லை. ஆயினும் ரெக்ஸம் கழகத்தின் உடைமையாளர் யார் யார் என்று எவரேனும் முழுப் பட்டியல் எழுதப் புகுந்தால், அவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது.